ஆட்சேபணை இல்லை

"கொடியில துணி போடறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டியா? இது என்ன, உங்கப்பன் கட்டின வீடா?"

வாய்க்காரி ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்காரிக்குத் தெரு வைத்த பெயர் அது. தெருவில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

மாடி அறையில் குடியிருப்பவள் ஈரத்துணியை மறுபடி வாளிக்குள் போட்டுக்கொண்டாள். போரில் குண்டு விழுந்து வீடு தரைமட்டமாகி, கட்டின துணியோடு இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடிவந்தவள்.

"இவளெல்லாம் ஒரு மனுஷியா?" என்று பல்லைக் கடித்தார் எதிர்வீட்டுக்காரர். தெருச் சங்கத்தின் செயலாளர்.

அவருக்கு இளகிய மனசு. சமீபத்தில்தான் இளகியது. அந்தக் குடும்பம் வந்த புதிதில், பாவம்தான், ஆனால் பாவப்பட்டவர்களுக்கென்றே ஊருக்கு வெளியே முகாம் இருக்கிறதே என்று கூட்டம் போட்டுப் பேசி, வார்டு ஆபீசில் ஆட்சேபணை சொல்லிவிட்டு வந்தவரும் அவரேதான். திருட்டு வரும், நோய் வரும், வீட்டு விலை இறங்கும் என்று ஆளுக்கொரு கவலையோடு தெருவே அவர் பின்னால் போனது.

அதற்கப்புறம்தான் வாய்க்காரி திட்ட ஆரம்பித்தாள். தண்ணீர் பிடித்தால் திட்டு, பிள்ளைகள் சிரித்தால் திட்டு. கேட்டுக் கேட்டுத் தெருவுக்கே மனசு தாங்கவில்லை. மருந்துக்கடைக்காரர் சின்னதின் இருமலுக்கு மருந்து கொடுத்தார், வாய்க்காரி பார்க்கும்படியாக. கோடிவீட்டு டீச்சர் இரண்டு பிள்ளைகளையும் தன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். அதை வாய்க்காரி வீட்டு வாசலில் நின்று உரக்கச் சொல்லவும் மறக்கவில்லை.

அன்று சாயங்காலம் வார்டு அதிகாரி விசாரிக்க வந்தார். தெருவில் ஆட்சேபணை இருந்தால் உடனே முகாமுக்கு ஏற்றிப்போக வேனும் கூடவே வந்திருந்தது. முகாம் என்றால் தார்ப்பாய்க் கூடாரம். மழை பெய்தால் உள்ளேயே முழங்கால் அளவு தண்ணீர். மாடி அறைக்காரி பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள்.

"தாராளமா கூட்டிட்டுப் போங்க சார். விட்டது சனியன்னு இருப்பேன்," என்றாள் வாய்க்காரி.

அவ்வளவுதான். செயலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குறுக்கே வந்தார்.

"இவங்க எங்க தெருக் குடும்பம் சார். எங்க யாருக்கும் ஆட்சேபணை இல்லை."

"அவ்வளவு இரக்கம் இருந்தா உங்க வீட்லயே வெச்சுக்கோங்களேன்," என்றாள் வாய்க்காரி.

செயலாளருக்குச் சட்டென்று மனைவியின் மூட்டுவலி ஞாபகம் வந்தது. டீச்சருக்கு மகளின் பரீட்சை. இங்கேயேதான் இருப்பார்கள், மீறித் துரத்தினால் நீ இந்தத் தெருவில் தலைகாட்ட முடியாது என்று ஆளாளுக்கு வாய்க்காரியை மிரட்டினார்கள். அவளும் முணுமுணுத்துக்கொண்டே ஒருவழியாகச் சம்மதித்தாள்.

வேன் காலியாகத் திரும்பியது. தெரு தன்னைத்தானே மெச்சிக்கொண்டு கலைந்தது.

வாய்க்காரி கதவைத் தாழ்போட்டுவிட்டு, கட்டிப்போன தொண்டைக்கு வெந்நீர் குடித்தாள். மாடி அறைக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்காக எதுக்குக்கா இந்தக் கெட்ட பேரு? உள்ளதைச் சொல்லிக் கேட்டிருக்கலாமே."

"கேட்டேன்டி. நீ வந்த அன்னைக்கே வீடு வீடாப் போய்க் கைகூப்பிக் கேட்டேன். உன்மேல இவங்களை இரக்கப்பட வைக்க என்னால முடியல. என்மேல ஆத்திரப்பட வைக்கத்தான் முடிஞ்சுது."