இருபது நாள் தீவனம்

நாற்பத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய். புருஷனும் பெண்டாட்டியுமாக முட்டைக்கோழிப் பண்ணை முதலாளியிடம் பட்ட கடன் அது. அதை அடைக்காமல் இருவரும் ஊர்ப்பக்கம் தலைகாட்ட முடியாது.

அன்று முதலாளி தீவன மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு அவனைக் கூப்பிட்டார். அந்த வாரம் முட்டை குறைந்ததையும் கடனில் ஏற்றிவிடுவாரோ என்று பயந்துகொண்டே போனான்.

"எல்லாக் கோழிக்கும் ஒரே தீவனந்தான் போடுறியா?"

இல்லை என்றான். ஒவ்வொன்றாகத் தூக்கி, பின்பக்க எலும்புகளுக்கு நடுவில் விரல் வைத்துப் பார்ப்பானாம். இடைவெளி இருந்தால் அது முட்டை போடுகிற கோழி, அதற்குக் கிளிஞ்சல் தூள் கலந்த தீவனம். எலும்பு நெருங்கிவிட்டால் அது முட்டை நின்றுபோன கோழி, அதற்கு அந்தத் தீவனம் தண்டம்.

"அதை என்னதான் பண்றது?"

"தனியா அடைச்சு மக்காச்சோளமும் புண்ணாக்கும் போடணும் முதலாளி. இருபது நாள்ல சதை பிடிச்சிரும், தள்ளிவிட்டுறலாம். மெலிஞ்சு கிடந்தா எவன் வாங்குவான்?"

முதலாளி சிரித்துக்கொண்டே எழுந்து போனார். கடனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மறுநாளிலிருந்து முதலாளியம்மா அவனுக்குத் தட்டு நிறையச் சோறும் இரண்டு முட்டையும் கொடுத்தனுப்பினார். மழைக்காலத்தில் இடுப்பு பிடித்ததிலிருந்து அவனால் மூட்டை தூக்க முடியவில்லை. அவன் பங்கையும் மனைவிதான் தூக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்து இரக்கப்பட்டுவிட்டார்கள் என்று இருவரும் நினைத்தார்கள்.

"முதலாளி மனசுலயும் ஈரம் இருக்கு பாரேன்" என்றாள் மனைவி. "கன்னத்துல சதை வச்சு, மாப்பிள்ளைக் களை வந்துருச்சு உனக்கு."

ஒருநாள் தன் முட்டையில் ஒன்றை அவள் தட்டில் வைத்தான். வாசலில் நின்ற முதலாளியம்மா அதை எடுத்துத் திரும்ப அவன் தட்டிலேயே போட்டார். அவன்தான் சாப்பிட வேண்டுமாம்.

இருபது நாள் போனது. கொழுத்த கோழிகளை அவனே கூண்டில் அடைத்து ஏற்றி அனுப்பினான். கைகழுவி நிமிர்வதற்குள் இன்னொரு வண்டி வந்து நின்றது. இறங்கியவர் செங்கல் சூளைக்காரர் என்றார் முதலாளி.

வந்தவர் அவன் புஜத்தை அமுக்கிப் பார்த்தார். தோளைத் தட்டினார். முதலாளி கண்ணைக் காட்டியதும், இடுப்பு வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு நேராக நின்றான்.

"நல்லாத்தான் இருக்கான்" என்று சூளைக்காரர் பணத்தை எடுத்து நீட்டினார்.

முதலாளி எண்ணிப் பைக்குள் வைத்தார். "கடன்ல உன் பாதி தீர்ந்துச்சுப்பா. வண்டியில ஏறு."

மனைவி ஓடிப்போய் இரண்டு பேர் துணியையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். முதலாளி குறுக்கே கையை நீட்டினார்.

"நீ எங்க கிளம்புற? உனக்கு நான் தீவனம் மாத்தலையே."