ஊசிப் பயம்

"பயமாய்க் கிடக்கு, அக்கா," என்றாள் கீர்த்திகா. கொக்குவிலில் அந்தக் கிளினிக்கின் சின்ன அறையில், காற்றாடி சுழன்றும் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

பியாட்றிஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் தோளைத் தொட்டாள். "கான்சருக்கு மார்பிலை ஒப்பரேசன் செய்த இடம் மரத்துப்போய்த்தான் கிடக்கும். பச்சை குத்தினால் நோகாது, பிள்ளை."

"நோவுக்குப் பயமில்லை, அக்கா. தழும்புத் தோல் மெல்லிசு. ஊசி ஒரு மயிரிழை ஆழமாய்ப் போனாலும் மை பரவிடும். முலைக்காம்பு மாதிரி வரையவேண்டிய இடத்திலை கறை வந்திட்டால் பிறகு அழிக்கேலாது."

"எல்லாம் படிச்சு வைச்சிருக்கிறீர்."

"படிச்சதாலைதான் பயம்."

"சரி, தண்ணியைக் குடியும். துவங்குவம்."

கீர்த்திகா ஒரே மூச்சில் குடித்தாள். பியாட்றிஸ் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் படுத்தாள். கீர்த்திகா கையுறையை மாட்டிக்கொண்டு ஊசியை எடுத்தாள்.

"றப்பர் தோலிலை ஐம்பது தரம் குத்தினனான். ரீச்சர் பக்கத்திலை நிக்க ஆறு பேருக்குச் செய்தனான். தனியச் செய்யிறது இண்டைக்குத்தான் முதல். வேண்டாமெண்டால் இப்பவே சொல்லுங்கோ, அக்கா."

பியாட்றிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பயமே இல்லையெண்டு சொன்ன ரண்டு பேரைப் பாத்திட்டுத்தான், பிள்ளை, உம்மட்டை வந்தனான்."