வேட்பாளர் வீட்டுத் தோசை

பதின்மூன்று வயதிலேயே ஓட்டு என்றான பிறகு தூத்துக்குடியில் நடந்த முதல் மாநகராட்சித் தேர்தல் அது. வேட்பாளர் வாக்காளரை மிரட்டக் கூடாது, சாப்பாடு போடக் கூடாது என்ற பழைய விதியை மட்டும் யாரும் மாற்றவில்லை. அது சகாயமேரியின் அடுப்படிக்கே வந்துவிட்டது. அவள் வேட்பாளர், மகள் ஜெனிபா அதே வார்டின் வாக்காளர்.

"டியூஷன் தெருவுக்கு எப்பம்மா லைட்டு போடுவ?" என்று ஜெனிபா கேட்டபோது, மேரி பழக்கதோஷத்தில், "ஏட்டி, வாய மூடிட்டுப் படி" என்றுவிட்டாள்.

"அப்பா, வேட்பாளர் மிரட்டுறாங்க!"

அன்று முதல் திட்டும் இல்லை, மேரி கையால் தோசையும் இல்லை. கணவர் அமல்தாஸ் சுட்ட கருகல் தோசையை மகள் மென்று விழுங்குவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் ஓட்டும் போய்விடுமோ என்ற கவலை வேறு.

வாக்குப்பதிவு முடிந்ததாக டிவியில் சொன்னதுமே மேரி அடுப்பைப் பற்றவைத்தாள். முதல் தோசையைத் தட்டில் போட்டபடி, "யாருக்குட்டி போட்ட?" என்று மெல்லக் கேட்டாள்.

"அது ரகசியம்மா," என்றாள் ஜெனிபா, வாய் நிறையத் தோசையோடு. "ஆனா லைட்டு வரலன்னா அடுத்த எலெக்சன்ல உனக்குப் போட மாட்டேன், பாத்துக்கோ."

மேரி இரண்டாவது தோசைக்கு நெய்யைத் தாராளமாக ஊற்றினாள்.