மணி மேல் ஒரு புகார்

“மேயரம்மா, விஷயம் தெரியுமா? அந்த பாரிஸ்காரி நம்ம மாதா கோயில் மணி மேல புகார் கொடுக்கப் போறாளாம்!”

மாவுக்கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்திருந்தார் ரொட்டிக்கடை மார்செலின்.

மேயர் கிஸ்லேனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “யார் சொன்னா?”

“அவளே கேட்டா. ரொட்டியை வாங்கிக்கிட்டு, ‘மணி விஷயமா யார்கிட்ட புகார் கொடுக்கணும்?’னு கேக்கறா. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!”

கோயிலுக்கு எதிர்வீட்டை வாங்கி ஐந்து மாதம் முன்னால்தான் பாரிஸிலிருந்து குடிவந்தவர் ஒதீல். பக்கத்து ஊரிலும் இப்படித்தான். பட்டணத்திலிருந்து வந்த ஒருத்தர், சத்தம் தொல்லை என்று வழக்குப் போட்டு மணியின் வாயை அடைத்துவிட்டார்.

மோன்வெர் கிராமத்து மணி என்றால் சும்மாவா? ஒவ்வொரு மணியையும் இரண்டு தடவை அடிக்கும். எண்ணத் தவறியவர்களுக்காக, இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் ஒரு தடவை. முந்நூறு வருஷப் பழக்கம்.

“மணி கேக்கலேன்னா எனக்குத் தூக்கமே வராது,” என்றார் கடிதம் கொண்டுவந்த தபால்காரர்.

“எனக்கு மூச்சே நின்னுடும்!” என்றார் மார்செலின்.

சாப்பாட்டு வேளைக்குள், மணியைக் காக்கும் மனுவில் நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்துவிட்டது. முதல் கையெழுத்து மேயருடையது.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் ஒதீல் காகிதமும் கையுமாக வந்தபோது, மேயர் அறையில் நிற்க இடமில்லை.

கிஸ்லேன் அவரை வாய் திறக்கவே விடவில்லை. “மதாம், மணியைத் தொட விடமாட்டோம். அது எங்க பாரம்பரியம். எங்க ரத்தத்துல ஊறினது!”

பலத்த கைதட்டல்.

ஒதீல் திருதிருவென விழித்தார். “ஐயோ, அதைச் சரிபண்ணித் தாங்கன்னு கேக்கத்தாங்க வந்தேன். என் வீட்டுக்காரருக்குக் கண்ணு தெரியாது. மணியைக் கேட்டுத்தான் மாத்திரை போடுவார். முதல் தடவை அடிச்சதும் காதைத் தீட்டிக்குவார், ரெண்டாம் தடவை எண்ணுவார். செவ்வாய்க்கிழமையிலேர்ந்து அந்த ரெண்டாம் தடவை அடிக்கவே இல்லையே?”

“அதெப்படி இருக்கும்?” என்றார் மார்செலின்.

அப்போது மணி மூன்று அடித்தது.

எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். இரண்டு நிமிடம் ஆனது. மூன்று ஆனது. ஐந்தும் ஆனது. கோபுரத்திலிருந்து சத்தமே இல்லை.

தபால்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கிஸ்லேன் கையெழுத்துத் தாளை மெதுவாக இழுப்பறைக்குள் தள்ளினார்.

ஒதீல் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “நீங்கல்லாம் பரம்பரையா இந்த ஊர்க்காரங்க. நேத்து வந்தவ நான் முந்திக்கிட்டா நல்லா இருக்காதேன்னு, உங்கள்ல யாராவது சொல்வீங்கன்னுதான் மூணு நாளா காத்திருந்தேன்.”