முப்பதடி நடை

“கப்பலடியில ரெண்டு சிமென்ட் மூட்டையச் சேர்த்துத் தூக்கினவனாம். முப்பதடி நடக்கச் சொன்னா முக்கறான் பாருங்க, டாக்டர்.”

சிஸ்டர் மெஜுமா இதைச் சொன்னபோது கலூமே இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மொம்பாசா துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன். ஒன்பது நாளைக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன்.

பொது வார்டுக்குப் போக ஒருவன் தேறிவிட்டானா என்று பார்க்க அங்கே ஒரே வழிதான். ஒயர்களைக் கழற்றிவிட்டு முப்பதடி நடக்க விடுவார்கள். சிஸ்டர் மணிக்கட்டைப் பிடித்து நாடியை எண்ணுவாள். நூற்றிருபதைத் தாண்டினால் மறுபடியும் கட்டில்.

இருப்பதே ஆறு கட்டில். ஒன்று காலியானால், அந்த நேரத்தில் வாசலில் இருக்கும் நோயாளிக்கு அது போகும். வழியில் வந்துகொண்டிருப்பவருக்குப் பிடித்துவைக்கக் கூடாது. ஆஸ்பத்திரிச் சட்டம் அப்படி.

இன்று வாசலில் இருந்தவர் கவுன்சிலர் கரிசா. கல்யாண வீட்டில் ஆட்டுக்கறி பிலாவ் சோற்றைக் கழுத்துவரை அடைத்ததில் நெஞ்சு கனக்கிறதாம். இசிஜியில் ஒரு கோடும் கோணவில்லை. ஆனாலும் தலைமை டாக்டர் கிலோன்சோ அவருக்காகக் காலையிலிருந்து நாலு முறை வந்துவிட்டார். மூட்டை தூக்குகிற உடம்புக்கு வார்டே அதிகம் என்று முணுமுணுத்தார்.

“எவ்வளவு?” என்றார்.

“நூத்தி முப்பத்தெட்டு.”

முகத்தைச் சுளித்து, இன்னொரு முறை நடக்கவிடச் சொன்னார்.

கலூமே பன்னிரண்டாவது அடியிலேயே வாயைப் பிளந்து மூச்சு வாங்கினான். சிஸ்டர் விடவில்லை. முட்டையும் பாலும் இருந்த இடத்துக்கே வந்தால் எவனுக்குத்தான் கால் வரும் என்றாள். பெண்டாட்டி கையால் ஒருநாளாவது இப்படித் தின்றிருப்பானா என்று கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். கலூமே தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த நேரம் போன் அடிக்க, சிஸ்டர் எடுத்தாள். அக்கரையில் லிகோனி படகுத்துறையிலிருந்து ஆம்புலன்ஸ் டிரைவர். கல்குவாரியில் மயங்கி விழுந்த ஒருத்தியை ஏற்றி வருகிறானாம், இதயத் துடிப்பு விட்டுவிட்டு வருகிறதாம், படகு இன்னும் வந்து சேரவில்லையாம்.

“இங்க கட்டில் காலி இல்ல. வர்றதுன்னா வந்து வாசல்ல நில்லுங்க” என்று சொல்லிப் பட்டென்று வைத்தாள். டாக்டர் மெச்சுவதுபோலத் தலையாட்டினார்.

மறுபடியும் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நூத்தி நாப்பத்திரண்டு. ஏறிக்கிட்டே போகுது, டாக்டர். வார்டுக்கு அனுப்பினா இந்த எருமை அங்க போய்ச் செத்துவைக்கும். உங்க பொறுப்புன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, இப்பவே அனுப்பிடறேன்.”

பேனா டாக்டர் பையைவிட்டு வெளியே வரவில்லை. கவுன்சிலரிடம் போய் ஏதோ குழைந்தார். காத்திருந்து சலித்த கவுன்சிலர், தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லி, மாடிப்படி முழுவதையும் யார் கையையும் பிடிக்காமல் இறங்கிப்போனார். டாக்டர் பின்னாலேயே ஓடினார்.

அரைமணி கழித்து ஸ்ட்ரெச்சர் ஒன்று வாசலுக்கு வந்தது. அதில் நியேவு என்ற பெண், கல் உடைத்துக் காய்த்த கையோடு, உதடு நீலம் பாரித்துக் கிடந்தாள்.

சிஸ்டர் மெஜுமா விறுவிறுவென்று உள்ளே வந்து கலூமேயின் போர்வையை உருவினாள்.

“எந்திரி. எண்பத்திநாலு நாடிய வச்சுக்கிட்டு இன்னும் எவ்வளவு நேரம்யா படுத்திருப்ப?”

கலூமே தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

“நீங்க இருபதாவது அடியிலதான் மூச்சு வாங்கச் சொன்னீங்க, அக்கா. பயத்துல பன்னண்டுலயே வாங்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு, சுவரைத் தொடாமல் வார்டுக்கு நடந்தான்.