கூரையைப் பார்த்த ஃப்ளாஷ்

ஒரு கல்யாண வீட்டில், கேமராவின் தலைமேல் ஒரு ஃப்ளாஷ் ஏறி உட்கார்ந்திருந்தது. தன் வெளிச்சத்துக்கு ஈடே இல்லை என்று அதற்கு நினைப்பு. மணப்பெண் முகத்துக்கு நேரே பளீரென்று அடித்தது. படத்தில் அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள்; முகம் சுண்ணாம்பாய் வெளுத்து, பின்சுவரில் கரிய நிழல் விழுந்திருந்தது.

"இன்னொரு படம் இப்படி வந்தால் உன்னைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவார்கள்" என்றது கேமரா.

அப்போது மேலேயிருந்து வெள்ளைக் கூரை ஃப்ளாஷைக் கூப்பிட்டது.

"அண்ணே, வெளிச்சத்தை என்கிட்ட குடுங்க. நான் பக்குவமா இறக்குறேன்."

"அப்புறம் அது என் வெளிச்சம்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாதுண்ணே."

ஃப்ளாஷ் ஒரு கணம் தயங்கியது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்து அடித்தது. வெளிச்சம் அங்கே பட்டுப் பரவி, பன்னீர் தெளித்ததுபோல எல்லோர்மேலும் இறங்கியது. பின்வரிசைச் சமையல்காரர் முகம்கூடத் துலக்கமாக விழுந்தது.

மணப்பெண் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனாள். "அட, வெயில் எப்படி உள்ளே வந்துச்சு?"

ஃப்ளாஷுக்குச் சிரிப்புப் பொங்கியது. "தம்பி, தயாரா இரு!" என்று கூரையிடம் உரக்கக் கூவியது. "அடுத்து மாப்பிள்ளை வீட்டார் மொத்தமா வர்றாங்க!"