மாதா மாதம் வரவு

"என் கணக்குல என் பையனுக்கு வாங்கின கிரெடிட் கார்டை ரத்து பண்ணாதீங்க" என்று ஒரு அம்மாள் வந்து நின்றதும், வங்கிக் கவுண்டரில் இருந்தவன் கணினியைத் தட்டிப் பார்த்தான்.

"யாருமே தேய்க்காத கார்டும்மா. வருஷக் கட்டணம் தண்டத்துக்குக் கட்டுறீங்க."

"யாரு சொன்னா? அவன் ஓட்டல்ல சாப்பிடுறான். நீங்கதானே மாசா மாசம் மெசேஜ் அனுப்புறீங்க?" போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். மகனின் கார்டுக்கு, ஓட்டல் சாப்பாட்டுக்கான சலுகைப் பணம் வரவு வைக்கப்பட்டதாக அதில் இருந்தது.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. இப்படிக் குழம்பிக்கொண்டு தினமும் நாலு பேர் வருகிறார்கள்.

"சாப்பிட்டாத்தான் வரவு வரும்னு நினைச்சீங்களா? இந்தக் கார்டுல அப்படி இல்லம்மா. தேய்ச்சாலும் தேய்க்காட்டியும் ஒண்ணாந்தேதி கம்ப்யூட்டர் தானா வரவு வச்சிடும். செலவழிக்கலேன்னா மாசக் கடைசியில அதுவே திருப்பி எடுத்துக்கும்."

அந்த அம்மாள் போனைக் கீழே இறக்கினாள்.

"கம்ப்யூட்டரா அனுப்புது?"

"கம்ப்யூட்டர்தான். சந்தேகம்னா பையனையே கேளுங்களேன்."

"எங்கே போய்க் கேக்கறது? சண்டை போட்டுட்டு அந்தக் கார்டோட வெளியே போனவன். மூணு வருஷமா ஒரு தகவலும் இல்லை. மெசேஜ் வந்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும்."

ரத்து பொத்தானுக்குப் போன அவன் விரல் பாதியில் நின்றது.

அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப மூணு வருஷமா அவன் ஒரு வேளைகூடச் சாப்பிடலையா தம்பி?"